தொடுகிறவர் பேசக் கூடாது

எலியைக் கையால் தூக்காமலேயே எலியைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். இப்போது நிறையப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். நீங்களும் வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கேமரா பார்த்துக்கொள்கிறது, கணினி காலடியை எண்ணிக்கொள்கிறது, நீங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறீர்கள். சமீபத்தில் உங்கள் கருத்தரங்குக்கு வந்திருந்தபோது ஒரு பெண் என்னிடம், "எலியத் தூக்குறது, வைக்கிறதெல்லாம் டெக்னீஷியன் பாத்துப்பாங்க மேடம்" என்றாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியம் என்னோடு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். அடையாறில் ஒரு நரம்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடம் என் பொறுப்பில் இருந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டுப் பின்னங்கால் விழுந்துபோன எலிகளுக்கு வளர்ச்சிக் காரணி என்ற ஒரு புரதத்தை ஊசியில் கொடுத்துப் பார்த்தோம். அறுந்த நரம்பைத் துளிர்க்க வைக்கிற புரதம் அது. காயம் புதிதாக இருக்கும்போது கொடுத்துப் பார்த்தவர்கள் உலகத்தில் பலர். நாங்கள் காயம் பழசாகிக் காய்ந்த பிறகு கொடுத்தோம். நிஜத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் காயம் எல்லாம் பழசுதானே. மருந்து என்ன, அளவு என்ன என்பதையெல்லாம் நீங்கள் கட்டுரைகளில் படித்துக்கொள்ளலாம். கட்டுரையில் வராத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எலியின் நடையைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் வேலை எங்களிடம் இருந்தது. அகலமான வட்டத் தொட்டியில் எலியை விடுவோம். பின்னங்கால் அசைகிறதா, பாதம் ஊன்றுகிறதா, உடம்பைத் தாங்குகிறதா என்று இரண்டு பேர் பார்த்து எண் போடுவார்கள். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும். எவ்வளவு யோக்கியமான கண்ணாக இருந்தாலும் சாயும்.

ஒருமுறை சாய்ந்தது. கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டில்லி, தேநீர் நேரத்தில் மரத்தடியில் நின்றுகொண்டு, மதிப்பெண் போடுகிற இருவரிடமும், "வால்ல மூணு கோடு போட்டது சூப்பரா ஓடிக்கினு கீது சார்" என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்த முறை அந்த மூன்று கோட்டு எலிக்கு இருவருமே ஒரு எண் கூடப் போட்டிருந்தார்கள். பிறகு வெளியாள் ஒருவர் வீடியோவைப் பார்த்தார். அந்த எலி மற்ற எலிகளைப் போலத்தான் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் துறைத் தலைவர் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிட்டார். மாதக்கணக்கான உழைப்பு, அத்தனை எலிகள், எல்லாம் ஒரு டம்ளர் தேநீரோடு போயிற்று.

அன்றைக்கே அவர் ஒரு விதி போட்டார். பார்க்கிறவர் எலியைத் தொடக் கூடாது. தொடுகிறவர் மதிப்பெண் போடும் அறைக்குள் வரக் கூடாது, தொட்ட எலியைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. எலியை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்து வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், பார்க்கிறவர் பெட்டியைத் தொட்டிக்குள் இறக்கிக் கதவைத் திறப்பார். நல்ல விதிதான். இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் பின்பற்றுவதில் மயிலாப்பூரில் மடி பார்க்கிற வீடுகளையெல்லாம் நாங்கள் தோற்கடித்தோம். கூடத்துப் பக்கம் தப்பித் தவறி வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்கள்.

எந்த எலிக்கு எது என்ற குறிப்பு உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு ஸ்டெல்லாவிடம் இருந்தது. ஸ்டெல்லா ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். என் வயதுதான், சாந்தோமில் வீடு. எலி என்றால் அவளுக்கு நடுக்கம். அதனாலேயே அவளைத் தேர்ந்தெடுத்தோம். கூடத்துக்குள் எட்டிப் பார்க்க மாட்டாள் என்பது உறுதி.

இனி செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளாகத்திலேயே அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையமும் இருந்தது. செல்வம் வடபழனிக்காரர், சினிமாவில் லைட்மேன். படப்பிடிப்புத் தளத்தில் மேலே ஏறி விளக்கு கட்டும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தினமும் மனைவி ராணி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். ராணி தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தவர், இவருக்காக விட்டுவிட்டார். பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பார்த்தால் செல்வம் விட மாட்டார்.

"இன்னா டாக்டரம்மா, எலி நைனாங்கல்லாம் எப்படி கீறாங்க?"

"நல்லா இருக்காங்க."

"எனக்கு முன்னாடி எந்திரிச்சுடுவானுங்க போல."

எங்கள் தலைவர் இளகிய மனசுக்காரர். வேலையில்தான் கறார், மனிதர்களிடம் கிடையாது. மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் செல்வத்தின் தோளைத் தட்டி, "முதல் ஆள் நீதான்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்றே செல்வம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ராணி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். ஒரு நல்ல மனிதர் சொன்ன ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் தினமும் வந்துபோனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தலைவரிடம் சொல்லவும் செய்தேன். "நம்பிக்கை கூடவா குடுக்கப்படாது விஜயா?" என்றார்.

விதி வந்த பிறகு தொடங்கிய புதுத் தொகுதியில் ஊசி வேலை செய்தது. உறை திறக்காமலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வரிசையாக எண்கள் ஏறின. பாதியளவு எலிகள் பாதம் ஊன்றி, தள்ளாடி, உடம்பைத் தாங்கி நடந்தன. மதிப்பெண் போட்ட இருவரில் ஒருத்தி காயத்ரி, முனைவர் பட்டத்துக்கு எங்களிடம் சேர்ந்திருந்த பெண். அவள் முகத்தைப் பார்த்தாலே போதும், அன்றைய எண்கள் தெரிந்துவிடும்.

நானும் டில்லியும் பார்த்தது வேறு. முதுகுத்தண்டு அடிபட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. காலையும் மாலையும் கையில் எடுத்து, அடிவயிற்றை மெல்ல அழுத்தி நாம்தான் வெளியேற்ற வேண்டும். சிலதுக்குப் போகப் போகச் சரியாகும், சிலதுக்கு ஆகாது. ஆனாலும் எல்லாவற்றையும் தினமும் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். என் கைகள் அந்த ஒவ்வொரு எலியையும் அறியும். இருட்டில் கொடுத்தாலும் எது என்று சொல்லிவிடுவேன்.

ஊசி போட ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்து ஒரு எலியை எடுத்தேன். வழக்கமாகப் பூனைக்குட்டி போலக் கையில் கிடக்கும். அன்று விலாவில் விரல் பட்டதும் கீச்சென்று கத்தித் திரும்பிக் கடிக்க வந்தது. அழுத்தவில்லை, வெறுமனே விரல் பட்டதுதான். மறுநாளும் கத்தியது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு இன்னும் சில. மற்றவை முன்போலவே கிடந்தன. எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவைதான் நடக்கிறவையா என்று எனக்குத் தெரியாது, கூண்டுக்குள் எல்லாமே ஒடுங்கிக் கிடக்கும், தொட்டியில் நடப்பதை நான் பார்த்ததே இல்லை. நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் கத்துவது தெரியாது.

டில்லியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பேசல டாக்டரம்மா. ஒரு தபா பேசி வாங்கிக் கட்டிக்கினது போதும்" என்றார்.

மருத்துவராக என்னால் முடிந்ததைச் செய்தேன். கூண்டுகளில் இருந்த மரத்தூளை எடுத்துவிட்டு எல்லா எலிகளுக்கும் மெத்தென்ற காகிதத் துகள் போட்டேன். ஏன் என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, ஈரம் என்றேன். ஆனால் அது தீர்வு இல்லை. வாயைத் திறந்தால், பார்க்கிறவர்களின் கண் சாயும். கத்தல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு மதிப்பெண் போடுவார்கள், தொகுதி போய்விடும், காயத்ரியின் பட்டமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் உறை திறக்கப்படும், எண்கள் பிரமாதமாக இருக்கும், விண்ணப்பம் போகும். உறை திறந்த பிறகு சொன்னால், எந்த எலிக்கு எது என்று தெரிந்துகொண்டு சொல்வதாகிவிடும், யாரும் நம்ப மாட்டார்கள். முதல் ஊசி செல்வத்துக்கு. அந்த விண்ணப்பத்தில் வலி என்ற சொல் எங்கேயும் இருக்காது. அதை எழுதக்கூடிய இரண்டு பேரும் பேசக் கூடாதவர்கள்.

இப்படிப்பட்ட இக்கட்டில் நீங்கள் மாட்டும்போது உங்களுக்குத் தோன்றுவதெல்லாம் இரண்டு வழியாகத்தான் இருக்கும். சொல்வதா, விடுவதா என்று மனசு ஊஞ்சலாடும். எனக்கும் அப்படித்தான். உறையைத் திறக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சாந்தோம் போனேன். ஸ்டெல்லா பூசை முடிந்து வந்து, பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு விஷயம் தெரியும் ஸ்டெல்லா. சொல்றதா வேணாமானு தெரியல."

"என்கிட்ட மட்டும் சொல்லிடாத விஜி. எந்த எலிக்கு எதுன்னு பிரிச்சு எழுதினதே நான்தான். நீ எலி பேரச் சொன்னதுமே என் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கும்."

"அப்ப யார்கிட்ட போய் முட்டிக்கிறது?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "அத நீ கண்ணால பாத்தியா, காதால கேட்டியா, இல்ல வேற எப்படி?"

"தொட்டு."

"சரி. அப்ப எல்லாத்தையும் ஒருத்தர தொடச் சொல்லு. ஒண்ணுமே தெரியாத ஆளா பாத்துப் புடி. நீ சொல்ல வேணாம், எலியே சொல்லட்டும்."

"சார் காரணம் கேப்பாரே."

"கேக்கட்டுமே. உறை என் பீரோல இருக்கு. நாளைக்கு எனக்குத் தலைவலி."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரமாகத் தூங்காமல் நான் உருண்டதற்கு மீன் சீவுகிற நேரத்தில் விடை கிடைத்தது. தகவலைச் சொன்னால் சோதனை கெடும். அதே தகவலை ஒரு புதுச் சோதனையாக்கி எல்லா எலிகளுக்கும் செய்தால் எதுவும் கெடாது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படும்.

திங்கட்கிழமை தலைவர் அறைக்குப் போனபோது மேசை மேல் மயிலாப்பூரிலிருந்து வாங்கி வந்த பால்கோவாப் பெட்டி இருந்தது. காயத்ரி புதுப் புடவையில் வந்திருந்தாள்.

"சார், உறையத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு. தொடு உணர்ச்சி. ரெண்டு நாள் வேணும்."

"இதென்ன கடைசி நேரத்துல? வியாழக்கிழமை அனுமதி குடுக்கறவா எல்லாம் வரா. அப்ளிகேஷன் ரெடி. எதுக்குன்னு சொல்லுங்கோ."

"சொல்ல மாட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் பணிக்காலத்தில் அவரிடம் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

"சொல்ல மாட்டேளா?"

"சொன்னா இந்தத் தொகுதியையும் நீங்களே தூக்கிப் போட்டுடுவீங்க. உங்க விதி சார் அது. நான் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் நிக்கிறேன்."

கோபம் முகத்தில் ஏறியது தெரிந்தது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள், வாக்குக் கொடுத்திருக்கிறார், வாழ்நாள் உழைப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, ஒரு கால்நடை டாக்டர் வந்து காரணம் சொல்லாமல் வழியை மறிக்கிறாள். யாராக இருந்தாலும் கோபம் வரும். பாதியை அவர் ஊகித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எந்த எலி என்று ஊகிக்க முடியாது, எனக்கு அது போதும்.

"ரெண்டு நாள்" என்றார். பால்கோவாவை அலமாரிக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் காயத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது தப்பாயிடுச்சா மேடம்?" என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. தெரியாது என்றேன். அது பொய்யில்லை.

தொடு உணர்ச்சியைச் சோதிக்க நைலான் இழைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வர வெகுகாலம் ஆகும். பாண்டி பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் வர்ணம் தீட்டுகிற மெல்லிய தூரிகை வாங்கினேன். ஒன்றும் தெரியாத ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்து, மேல்மாடியில் மீனின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்து வந்தேன். மீனைத் தவிர வேறு உயிரைத் தொட்டுப் பழகாதவர். எலிகளைக் கம்பி வலை மேல் நிற்கவைத்து, விலாவிலும் பாதத்திலும் தூரிகையால் ஒருமுறை வருடச் சொன்னேன். கத்தினால், திரும்பினால், குறித்துக்கொள்ள வேண்டும். நானும் டில்லியும் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளேயிருந்து கீச்சென்ற சத்தம் வரும், பிறகு அமைதி, பிறகு மறுபடி சத்தம். எந்தச் சத்தம் எந்த எலியுடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

ஸ்டெல்லாவின் தலைவலி சரியாகி, உறை திறக்கப்பட்டது. மருந்து கொடுத்த எலிகள் நடந்திருந்தன. நாங்கள் நம்பியதைவிட நன்றாகவே நடந்திருந்தன. அதே எலிகள்தான், ஏறக்குறைய எல்லாமே, தூரிகை பட்டதும் கத்தியிருந்தன. உப்புநீர் எலிகளில் ஒன்றிரண்டுதான் கத்தின. காலை அசைக்கிற நரம்பைத் துளிர்க்க வைத்த புரதம், வலியைக் கொண்டுபோகிற நரம்பையும் துளிர்க்க வைத்திருந்தது. நாம் கேட்டதை மட்டும் செய்ய அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தலைவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இத்தனை நாளா தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். "எப்படி இருந்தேள்?" என்றார். விண்ணப்பத்தை அவரே நிறுத்தினார், வியாழக்கிழமை வந்தவர்களிடம் அவரே பேசினார். காயத்ரி இரண்டு நாள் அழுதாள். பிறகு அந்த வலியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள், பட்டம் தாமதமாக வந்தது. பால்கோவா என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், டில்லிக்குத்தான் தெரியும். விதியில் ஒரு வரி கூடியது. தொடுகிறவர் பேசலாம், குறிப்பை வைத்திருக்காத ஒரு வெளியாளிடம் மட்டும், எப்போது வேண்டுமானாலும். இப்போது உங்கள் ஆய்வகத்தில் அந்த ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒருவரை வையுங்கள்.

செல்வத்திடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. "நான்தானே வாக்குக் குடுத்தேன்" என்று தலைவர் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கேன்டீனில் மரத்தடி மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எதிரே உட்கார்ந்தார். மேசை மேலிருந்த டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தார். நான்தான் சொன்னேன். எலி நடந்தது, ஆனால் லேசாகத் தொட்டாலே வலியில் கத்துகிறது, அதனால் இப்போதைக்கு ஊசி இல்லை, மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது.

செல்வம் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. சட்டையை மேலே தூக்கி இடுப்பைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இங்க எனக்கு எப்பவும் எரிஞ்சிகினுதான் கீது டாக்டரம்மா. லுங்கி முடிச்சு பட்டா தாங்காது. யாரும் கேக்கல, நானும் சொல்லல. நடக்காமயே எரியுது. நடந்துகினு எரிஞ்சா இன்னா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சரியாகத்தான் செய்தேன் என்று அதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. எலிகளின் வலியைக் கண்டுபிடிக்க அவ்வளவு பாடுபட்ட நாங்கள், தினமும் எங்களோடு டீ குடித்த மனிதரிடம் உனக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அத விடுங்க சார், எழுதி வாங்கிக்கினு போடுங்க. நான் தாங்கிக்கறேன்" என்றார் செல்வம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி எழுந்து அவர் முன்னால் வந்தார்.

"நீ தாங்கிப்ப. உன்ன குளிப்பாட்டுறது யாரு? திருப்பிப் போடுறது யாரு? துணி மாத்துறது யாரு? நான் கைய வச்சாலே நீ கத்துவ. தெனம் கத்துவ. அத நான் எப்படி தாங்குவேன்னு யாராவது கேட்டீங்களா?"

செல்வம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று மையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். செல்வத்தின் ஒரு கால் நாற்காலியின் பலகையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக ராணி அதை எடுத்து வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடுவார், நூறு முறை பார்த்திருக்கிறேன். அன்று குனிந்தவர், கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார்.

"தொடட்டா?" என்று கேட்டார்.

செல்வம் தலையசைத்தார். ராணி காலை எடுத்துப் பலகையில் வைத்தார்.